சர்வரில் ஆன்டிவைரஸ் மாற்றிய அன்று எடைமேடையில் லோரி வரிசை

சுங்கை சிப்புட் வாசி:
செம்பனைக் குலை வாங்கும் மையம் ஒன்றுக்கு நான்தான் கணினி பார்க்கிறேன். ஆபீசில் ஐந்து கணினி, பின்னறையில் விண்டோஸ் சர்வர் 2019 ஒன்று. லோரி எடைமேடையில் ஏறினால் எடை நேராகச் சர்வரில் உள்ள எஸ்கியூஎல் டேட்டாபேசில் விழும், சீட்டு அடிக்கும்.

பழைய ஆன்டிவைரஸின் லைசன்ஸ் முடியப் போனது. புதுப்பிக்கிற விலையைக் கேட்டதும் முதலாளி, "வேற ஒண்ணு பாருப்பா" என்றார். பார்த்து வாங்கினோம். ஞாயிறு மாலை ஐந்து கணினிகளிலும் மாற்றியாயிற்று, ஒரு சிக்கலும் இல்லை. அந்தத் தெம்பில் திங்கள் காலை பத்து மணிக்குச் சர்வரில் கை வைத்தேன். வைத்திருக்கக் கூடாது.

பழையதை எடுத்துப் புதியதைப் போடும் இடைவெளியில் சர்வர் காவல் இல்லாமல் நிற்க வேண்டாமே என்று, முன்பு யாரோ கழற்றியிருந்த, விண்டோஸோடேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைத் திரும்பச் சேர்த்தேன். புதியது ஏறியதும் அது தானாக ஒதுங்கும் என்று நினைப்பு. விண்டோஸ் 10, 11இல் அப்படித்தான் ஒதுங்கும். சர்வரில் ஒதுங்காது, நாமே நிறுத்த வேண்டும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு விநாடியில் வரும் சீட்டுக்கு ஒன்றரை நிமிடம். எடைமேடை அக்கா சன்னலிலிருந்து, "தம்பி, வண்டி கேட்டுக்கு வெளியே நிக்குது!" என்று கத்தினார். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பது லோரிக்காரர்களுக்கும் தெரியும், ஹாரன் ஓயவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம். டிஃபெண்டரும் புதியதும் ஒரே டேட்டாபேஸ் கோப்பை மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருந்தன. பழையதில், டேட்டாபேசின் எம்டிஎஃப், எல்டிஎஃப் கோப்புகளைச் சோதிக்காமல் விடும்படி விலக்கு இருந்தது. அந்தப் பட்டியலை எழுதி வைக்காமலே அதை அழித்திருந்தேன்.

அக்கா கார்பன் புத்தகத்தில் கையால் எழுத ஆரம்பித்தார். நான் டிஃபெண்டரைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, விலக்குகளைப் போட்டேன். அப்புறம் பழைய வேகம் வந்தது. பதினேழு சீட்டுகளை மதியம் அவர்தான் உட்கார்ந்து ஏற்றினார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கிராணி மகன், தெலுக் இந்தான்:
அண்ணே, எங்கள் கதை நேர் எதிர். பழையது கழலவே இல்லை. பாஸ்வேர்டு கேட்கிறது; போட்டவர் சிங்கப்பூர் போய் மூன்று வருடமாகிறது. விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில், தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டித்தான் எடுத்தேன். எடுத்ததும் நெட்வொர்க் செத்தது. நெட்வொர்க் கார்டின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து பார்த்தால், நெட்வொர்க்கில் போவது வருவதைச் சோதிக்கும் பழைய ஆன்டிவைரஸின் ஃபில்டர் டிக் அடித்தபடி அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. டிக்கை எடுத்தேன், உயிர் வந்தது.

லயத்துப் பையன்:
எதற்குக் காசு கொடுத்து வம்பு? சர்வரில் இருக்கிற டிஃபெண்டர் போதும். நான் தினமும் பேக்கப் எடுத்து டிஸ்கைக் கழற்றி அலமாரியில் பூட்டுகிறேன். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன, கோலாலம்பூர் விமான நிலையத்தின் கேஎல்ஐஏ 2 முனையத்தில் ஏர்ஏசியா செக்-இன் கையால் நடந்தது. காசு கொடுத்தவர்களுக்குத்தான் அந்தக் கதி!

சுங்கை சிப்புட் வாசி:
பேக்கப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி தம்பி. ஆனால் ஆறு இயந்திரங்களின் நிலவரத்தையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்குத்தான் அந்தக் காசு. அடுத்த முறை சர்வரை ஞாயிற்றுக்கிழமைதான் தொடுவேன், அதுவும் அக்காவிடம் கேட்டுவிட்டு.