செபம் நின்னுபோன இடம்

இந்த குரூப்புல எல்லாரும் சாட்சி சொல்றீங்க, செபம் பண்ணேன் கெடச்சுச்சுன்னு. சந்தோஷம்தான். செபம் வாயில வராம நின்னுபோன நாளைப் பத்தி ஒருத்தரும் சொல்லலியே, அதான் நானே ஆரம்பிக்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்களுக்கு நாகர்கோவில், வாழையும் ரப்பரும் சாஞ்சு கெடக்கு, கரண்ட் கெடையாது. கோட்டாறு சவேரியார் திருவிழா நேரம் வேற, டிசம்பர் 3 கடைசி நாளுக்கு அக்கா பிள்ளையக் கூட்டிட்டு வர்றதா இருந்தா. அவளைக் கட்டிக் குடுத்தது தூத்தூர் பக்கம். அங்க உள்ளவங்க சுறா பிடிக்க ஆழ்கடல் போறவங்க, கொச்சியில இருந்தும் போட் எடுப்பாங்க, போனா வாரக்கணக்குல தங்கல்தான், நடுக்கடல்ல போனும் எடுக்காது புயல்னு சொல்லவும் வழியில்ல. அத்தானும் அப்படித்தான் போயிருந்தாரு. அக்கா ராத்திரி பூரா அத்தானோட கொச்சி சிம்முக்கு போட்டுக்கிட்டே இருந்தா, ஒவ்வொரு தடவையும் மலையாளத்துல "பரிதிக்கு புறத்தாணு", அதான் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அந்த ரெக்கார்டு பொண்ணு சொல்லும். எனக்கு இப்பவும் அந்தக் குரல் கேட்டா வயிறு பெசையும்.

அத்தான் வரல. உடம்பும் கெடைக்கல. காணாம போனவங்களுக்கு சட்டப்படி 7 வருஷம் ஆனாத்தான் இறந்ததா எடுப்பாங்களாம், ஒக்கிக்காக அதைத் தளர்த்தி சர்டிபிகேட்டும் 20 லட்சமும் குடுத்தாங்க. நல்ல காரியம்தான், ஆனா கையெழுத்துப் போட அக்காவுக்கு கை வரல, "நான் போட்டா நானே அவரைக் கொன்ன மாதிரில்லா"ன்னா. அந்தக் காசை வச்சு சொந்தக்காரங்க பேசுன பேச்சை இங்க எழுதவே வேண்டாம்.

சாயங்காலம் செபமாலை மட்டும் விடல. ஆனா அருள் நிறைந்த மரியே செபத்துல "இப்பொழுதும்"னு வந்ததும் நின்னுருவா. "எங்கள் இறப்பின் வேளையிலும்"ங்கிறது வராது. பக்கத்துல இருந்து அவ மாமியார்தான் அதைச் சொல்லி முடிக்கும். மகனைப் பறிகுடுத்த மனுஷி, செபமாலையில அது வர்ற 53 தடவையும்.

——

நாங்க சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபை, திருநெல்வேலி பக்கம். எங்களுக்கு நின்னுபோனது பிடியரிசி. தெரியாதவங்களுக்கு சொல்றேன், சோறு பொங்குறப்ப ஒரு கைப்பிடி அரிசி தனியா டின்ல போட்டு வச்சு கோயிலுக்கு காணிக்கையா குடுப்போம், எங்க ஆச்சி காலத்துப் பழக்கம். எங்க வீட்டுக்காரருக்கு வேலை போன அந்த வருஷம் ஒருநாள் அந்த டின்ல இருந்தே எடுத்து கஞ்சி வச்சுட்டேன், அப்புறம் மறுநாளும். ரெண்டு ஞாயிறு கோயிலுக்கே போகல, கர்த்தர் முகத்துல எப்படி முழிக்கன்னு. சங்கத்துல உள்ள பெரியம்மா தேடி வந்துட்டாங்க. டின்னை எடுத்து ஆட்டிப் பாத்தாங்க, சத்தமே இல்ல. "பிள்ளைங்க சாப்ட்டுச்சாட்டீ"ன்னாங்க. அவ்ளோதான் கேட்டாங்க, நான்தான் அழுது தொலைச்சேன்.

——

அக்காமார் கோவிச்சுக்காதீங்க, என்னோடது வேற மாதிரி. பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ற நேரம் வருமில்ல, அங்கதான் எனக்கு நிக்கும். நான் கும்பிட்டா பக்கத்து பெஞ்சு அம்மா மறுபக்கம் திரும்பி அவங்காளுங்களுக்கு கும்பிடுவாங்க. எங்க ஊர்ல கல்லறையே சாதிக்கு சாதி வேற வேற. சரி இங்கதான் இப்படின்னு பொண்ணு காலேஜுக்கு சர்டிபிகேட் எடுக்கப் போனா, கிறிஸ்தவங்களுக்கு எஸ்சி கெடையாது பிசி தான். யாரு எஸ்சின்னு 1950ல போட்ட ஆர்டர், 1956ல சீக்கியரைச் சேத்தாங்க, 1990ல பௌத்தரைச் சேத்தாங்க, நாங்க இன்னும் வெளியதான். ஞானஸ்நானத்தோட சாதி போச்சுன்னு ஆபீஸ் சொல்லுது. போகலைன்னு பெஞ்சு சொல்லுது. ஆனா நான் எடம் மாறல, அதே அம்மா பக்கத்துலதான் வாராவாரம் போய் உக்காருறேன், வேணும்னே.

——

முதல்ல எழுதுனவதான். கடைசித் தங்கச்சி எழுதுனதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல, அந்த பெஞ்சு அம்மா மாதிரி நானும் எங்கயாச்சும் திரும்பியிருப்பேனோன்னு.

அக்கா மாமியார் எப்படி இருக்காங்கன்னு ஒருத்தங்க கேட்டிருந்தீங்க. தவறிட்டாங்க. அந்த வரிய இப்ப அக்கா மகதான் சொல்றா, புயலப்போ அவளுக்கு 4 வயசு. வேக வேகமா சொல்லுவா, சீக்கிரம் முடிச்சாத்தானே டிவி போட முடியும்.