ஈரான் அணு விவகாரம்: 2015 ஒப்பந்தமா, 2025 குண்டுவீச்சா? எது அதிகம் தடுத்தது?

மேற்குவாசல் (கேள்வி):

வணக்கம். டிவி விவாதங்களில் இந்த விஷயத்தில் இரண்டே குரல்தான். "பேசிப் பேசி ஏமாந்தது போதும், அடித்ததுதான் சரி" என்று ஒரு பக்கம். "ஒப்பந்தத்தை முறிக்காமல் இருந்திருந்தால் போரே வந்திருக்காது" என்று மறுபக்கம். கிலோ கணக்கில் யாரும் பேசுவதில்லை. ஈரானும் அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளும் போட்ட 2015 ஒப்பந்தம் நிஜமாக எதைக் கட்டிப்போட்டது? 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் நடத்திய தாக்குதல் எதை அழித்தது, எது தப்பியது? இன்னொன்று: ஈரானிடம் இருப்பது 60 சதவீத யுரேனியம், குண்டுக்கு வேண்டியது 90 என்றால் மூன்றில் ஒரு பங்கு வேலை இன்னும் பாக்கி என்றுதானே அர்த்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்235:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதில்தான் நிற்கின்றன. மூன்றில் ஒரு பங்கு பாக்கி இல்லை, வேலை ஏறக்குறைய முடிந்தேவிட்டது.

இயற்கை யுரேனியத்தில் 1000 அணுவுக்கு 7 மட்டும்தான் யு-235, குண்டுக்கு உதவும் வகை. மீதி 993 யு-238. செறிவூட்டுவது என்றால் அந்த 7-ஐ வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கொண்டே போவது. 4 சதவீதத்தை எட்ட 825 அணுக்களைக் கழிக்க வேண்டும், மிச்சம் 175. அதிலிருந்து 20 சதவீதத்துக்கு இன்னொரு 140, மிச்சம் 35. அதிலிருந்து 60-க்கு 23, மிச்சம் 12. அந்த 12-லிருந்து 90 சதவீதத்துக்குப் போக நான்கே நான்கு அணு. நடைமுறையில் யு-235-லும் கொஞ்சம் கழிவோடு போகும் என்பதால் எண்கள் சற்று மாறும், ஆனால் பளுவில் பெரும்பகுதி முதல் படியிலேயே இருக்கிறது என்பது மாறாது.

ஒப்பந்தம் கை வைத்தது அந்த முதல் படியில். 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முடிவானது: செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இருப்பு 300 கிலோ ஹெக்ஸாஃபுளோரைடுக்கு (செறிவூட்டுவதற்காக யுரேனியத்தை மாற்றி வைக்கும் வாயுச் சேர்மம்) மேல் போகக் கூடாது. இரண்டும் 15 வருடத்துக்கு. நிறுவப்பட்டிருந்த சுமார் 19,000 சென்ட்ரிபியூஜ்களில் (வாயுவை வேகமாகச் சுழற்றிச் செறிவூட்டும் இயந்திரம்) நதான்ஸ் செறிவூட்டும் கூடத்தில் 5,060 பழைய ஐ.ஆர்-1 ரகம் மட்டும் ஓடலாம். இன்னொரு கூடமான ஃபோர்டோவில் 1,044 இருக்கலாம், ஆனால் அங்கே யுரேனியத்தைச் செறிவூட்டக் கூடாது. அராக் கனநீர் உலையின் மையக்கலனை எடுத்து கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள், குண்டுக்கான இன்னொரு பொருளான புளூட்டோனியம் வழி அதோடு மூடியது. 2015 டிசம்பரில் 11 டன் சரக்கு கப்பலேறி ரஷ்யா போனது. ஒரு குண்டுக்கான பொருளைச் சேர்க்க ஆகும் காலம் இரண்டு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடமாக நீண்டது.

இதைவிட முக்கியம் கண்காணிப்பு. சுரங்கத்திலிருந்து வரும் தாது 25 வருடம், சென்ட்ரிபியூஜின் சுழலுருளை செய்யும் பட்டறை 20 வருடம் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர் பார்வையில். குழாயில் ஓடும் வாயுவின் செறிவை அங்கேயே அளக்கும் கருவி, உடைத்தால் காட்டிக்கொடுக்கும் மின்னணு சீல், சுவரையும் இயந்திரத்தையும் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ஃப் ஆய்வகத்தில் சோதிப்பது என்று அடுக்கடுக்காக இருந்தது. துடைத்துக் கழுவினாலும் யுரேனியத் துகள் எங்காவது ஒரு மூலையில் தங்கிவிடும்.

2018 மே 8 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். ஈரான் உடனே மீறவில்லை, ஒரு வருடம் காத்திருந்தது. 2019 ஜூலையில் 4.5 சதவீதம், 2021 ஜனவரியில் 20. 2021 ஏப்ரல் 11 அன்று நதான்ஸில் நாசவேலை நடந்தது, சில நாளில் 60 சதவீத அறிவிப்பு வந்தது. மிரட்டலால் செறிவு இறங்கும் என்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோடு:

கணக்கன் சார் தந்த எண்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கதையை 2015-இல் தொடங்கினால் ஈரான் ஏன் மேசைக்கு வந்தது என்பது விட்டுப்போகிறது. நதான்ஸ் 2002-இல் வெளியானது எதிர்க்குழு ஒன்று அம்பலப்படுத்தியதால். மலைக்குள் 80, 90 மீட்டர் ஆழத்தில் இருந்த ஃபோர்டோ 2009 செப்டம்பரில் வெளியே வந்தபோது, மேற்கத்திய உளவுத்துறைகள் அதை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தன. 2012-இல் ஐரோப்பா எண்ணெய் வாங்குவதை நிறுத்தி, வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் இணைப்பையும் துண்டித்த பிறகு ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி பாதிக்கும் கீழே இறங்கியது. 2013-இல் பேச்சு சூடுபிடித்தது அந்த நெருக்கடியில்தான்.

ஒப்பந்தத்தில் ஓட்டையும் இருந்தது. 15 வருடம் கழித்து செறிவு வரம்பு தானாகவே போய்விடும். அறிவிக்கப்படாத இடத்துக்குள் நுழைய அதிகபட்சம் 24 நாள் இழுக்கலாம். யுரேனியத் தடத்தைப் பிடிக்க அது போதும்தான். ஆனால் வெடிமருந்துச் சோதனையோ கணினி மாதிரியோ நடந்த அறையைக் காலி செய்யவும் 24 நாள் தாராளம். அறிவிக்கப்படாத இடமான துர்குசாபாதில் விளக்கமில்லாத யுரேனியத் துகள் கிடைத்ததையும் மறக்க முடியாது.

குண்டு பலிக்குமா என்பது இலக்கைப் பொறுத்தது. 2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் அல்-கிபரில் இஸ்ரேல் தகர்த்தது ஒரே ஒரு உலை, வடகொரிய உதவியில் எழுந்தது. சிரியா திரும்பக் கட்டவில்லை. 1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் ஒசிராக் உலையும் ஒரே மாலையில் போனது. ஆனால் ஈராக்கிடம் விஞ்ஞானிகளும் பணமும் மிச்சம் இருந்தன. வேலை பூமிக்கடியில் போனது, மின்காந்த முறையில் ரகசியமாகச் செறிவூட்டினார்கள், அதன் அளவு 1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஈரான் இந்த இரண்டாவது வகை. அங்கே குண்டு அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் பேசாவிட்டால் வாங்கியது வீண்.

மேற்குவாசல்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் வடகொரியா? அங்கே ஒப்பந்தம் போட்டும் குண்டு வந்துவிட்டதே. பேச்சு பலிக்காது என்பதற்கு அதைத்தானே எல்லாரும் காட்டுகிறார்கள்? அப்புறம் புஷேர் உலை தாக்கப்பட்டால் வளைகுடா முழுக்க கதிர்வீச்சு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் குவைத்திலும் தோஹாவிலும் இருக்கிறார்கள்.

நீள்திரை:

முதலில் புஷேர். செறிவூட்டும் கூடத்தையும் ஓடும் உலையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். நதான்ஸ், இஸ்பஹான் போன்ற இடங்களில் இருப்பது யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு. கலன் உடைந்தால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகும். நுரையீரலை அரிக்கும் நச்சு அது, ஆபத்து பெரும்பாலும் அந்த வளாகத்துக்குள்ளும் பக்கத்திலும்தான். புஷேர் 1000 மெகாவாட் உலை, உள்ளே எரிந்த எரிபொருள் இருக்கிறது, நிற்பது வளைகுடாக் கரையில். குவைத், கத்தார், எமிரேட்ஸ் மக்கள் குடிப்பது பெரும்பாலும் அதே கடலிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர். எனவே உங்கள் கவலை நியாயமானது. ஆனால் 2025 ஜூன் தாக்குதலில் புஷேர் உலை அடிபடவில்லை.

வடகொரியா விஷயத்தில் ஒப்பந்தம் ஓடிய காலத்தையும் முறிந்த காலத்தையும் பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவோடு போட்ட 1994 ஒப்பந்தப்படி வடகொரியாவின் யோங்பியோன் அணு வளாகத்தில் 5 மெகாவாட் உலை நின்றது, சுமார் 8,000 எரிபொருள் கோல்கள் கலனில் அடைக்கப்பட்டு ஆய்வாளர் கண்ணெதிரில் இருந்தன. பதிலுக்கு வருடம் 5 லட்சம் டன் எரிஎண்ணெயும் மின்சாரத்துக்கான இரண்டு மென்னீர் அணு உலைகளும் தருவதாகப் பேச்சு. 2003-ஐ இலக்காக வைத்த முதல் உலைக்குக் கான்கிரீட் போடத் தொடங்கியதே 2002 ஆகஸ்ட்டில். வடகொரியாவும் நேர்மையாக இல்லை, பின்பக்கமாகச் செறிவூட்டலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தது. 2002 அக்டோபரில் அமெரிக்கா அதைத் தட்டிக்கேட்டது, எண்ணெய் நின்றது, டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 2003 ஜனவரியில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்தே விலகினார்கள். அடைத்து வைத்த கோல்களிலிருந்து புளூட்டோனியம் பிரித்தது அதன் பிறகுதான். 2006 அக்டோபர் 9 முதல் சோதனை. எட்டு வருடம் அசையாமல் இருந்த பொருள், சீல் உடைந்ததும் ஆயுதமானது. செறிவூட்டல் ஏமாற்றுக்குத் தனியாக நெருக்கடி கொடுத்து, அந்தக் கோல்களை மட்டுமாவது அடைத்தே வைத்திருக்க வழி இருந்தது என்பது என் கருத்து.

கணக்கன்235:

2025 ஜூன் கேள்வி பாக்கி இருக்கிறது. ஜூன் 13 இஸ்ரேல் தொடங்கியது, 22 அமெரிக்கா இறங்கியது. ஃபோர்டோவின் காற்றுப்போக்கிக் குழாய்களைக் குறிவைத்து 12 குண்டு, நதான்ஸுக்கு 2, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13,600 கிலோ. இஸ்பஹானுக்கு டோமஹாக் ஏவுகணை. சென்ட்ரிபியூஜ் அதிர்ச்சி தாங்காது. ஒலியைவிட வேகமாகச் சுழலும் உருளை, திடீரென மின்சாரம் போனாலே சேதமாகும். அதனால் இயந்திர இழப்பு பெரிது. இஸ்பஹானில் யுரேனியத்தை உலோகமாக்கும் கூடம் போனதும் பெரிய அடிதான், வாயுவை உலோகமாக்காமல் குண்டு செய்ய முடியாது.

தப்பியது பொருள். தாக்குதல் தொடங்கிய நாளில் 60 சதவீத இருப்பு 440.9 கிலோ என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. மேலும் செறிவூட்டினால் 42 கிலோ ஒரு குண்டுக்குப் போதும் என்பது அதே முகமையின் அளவுகோல். பத்துக் குண்டு. ஆழ்கடல் நீச்சல் வீரர் முதுகில் மாட்டும் சிலிண்டர் அளவுள்ள கலன்களில் அடைத்திருக்கும், சில வண்டியில் ஏற்றிவிடலாம். தாக்குதலுக்குப் பின் ஈரான் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்திச் சட்டம் போட்டது. சுழலுருளைப் பட்டறைகளின் கணக்கோ 2021 பிப்ரவரியிலிருந்தே அறுந்திருக்கிறது. எத்தனை இயந்திரம் வேறெங்காவது இருக்கிறது என்று நதான்ஸ் இடிபாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒப்பந்தம்தான் அதிகம் தடுத்தது என்று நான் சொல்வது இதனால்தான்: சரக்கு நாட்டை விட்டுப் போனது, மிச்சம் கண்ணில் இருந்தது.

எல்லைக்கோடு நண்பர் சொன்ன அவகாசத்தில் செய்ய வேண்டியதற்கும் ஒரு வரிசை உண்டு. கலன் ஒவ்வொன்றையும் எண் பார்த்து, எடை போட்டு, காமாக் கதிரால் செறிவு அளந்து, மாதிரி எடுத்துப் பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும். சுரங்க வாயிலில் வெடிக்காத குண்டும் ஃபுளோரைடு நச்சும் இருக்கலாம் என்பதால் இதுவே மாதக்கணக்கில் இழுக்கும். பிறகு சுழலுருளைக் கணக்கை, அதைச் செய்ய வாங்கிய கார்பன் இழையிலிருந்து பின்னோக்கிக் கட்ட வேண்டும்.

சரக்கை ஈரானிலேயே நீர்க்கச் செய்யலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 440.9 கிலோவை இயற்கை யுரேனியத்தோடு கலந்து 3.67 சதவீதத்துக்கு இறக்கினால் ஏறக்குறைய 8.8 டன் வரும். பழைய வரம்பு 300 கிலோ ஹெக்ஸாஃபுளோரைடு, அதில் யுரேனியம் 202.8 கிலோதான். ஆக, இன்னொரு ஒப்பந்தம் வந்தால் முதலில் முடிவாக வேண்டியது கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்பது.