வைட்டமின் டி ஏறினால் கொலஸ்ட்ரால் இறங்குமா?

வெயிலான்:
எனக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 162, வைட்டமின் டி 11. டி குறைந்தவர்களுக்குத்தான் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தோலில் இருக்கும் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால்தான் வெயில் பட்டு டி ஆகிறது. வெயில் படாவிட்டால் அது கொலஸ்ட்ராலாகத் தங்கிவிடும், இல்லையா? வாரம் ஒரு 60,000 ஐயூ (வைட்டமினை அளக்கும் அலகு) டி சாஷேயை, அதாவது தூள் பொட்டலத்தை, பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைத் தள்ளிப்போடப் போகிறேன்.

மருந்துக்கடை முத்து:
வேண்டாம் அண்ணே. தோலில் டி உண்டாவது மைக்ரோகிராம் கணக்கு. உடம்பு தினமும் தயாரிக்கும் கொலஸ்ட்ராலோ ஏறக்குறைய ஒரு கிராம். இது எந்த மூலைக்கு? 2012இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டி குறைந்த 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் 50,000 ஐயூ, மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை என்று 8 வாரம் கொடுத்தார்கள். டி நன்றாக ஏறியது, எல்டிஎல் இறங்கவில்லை.

நிலாமதி:
8 வாரத்தில் என்ன தெரியும்? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கால்சியத்தோடு தினம் 400 ஐயூ கொடுத்த ஆய்வில் எல்டிஎல் குறைந்ததே!

மருந்துக்கடை முத்து:
நாலைந்து புள்ளி மேடம். அதுவும் கூடவே 1000 மி.கி. கால்சியம். அட்டோர்வாஸ்டாட்டின் என்கிற ஸ்டாடின் 10 மி.கி. எல்டிஎல்லில் மூன்றில் ஒரு பங்கையே குறைத்துவிடும். அப்புறம், பருமனானவர்களுக்கு டி கொழுப்புத் திசுவில் போய் ஒதுங்கிக்கொள்ளும், கொலஸ்ட்ராலும் அவர்களுக்குத்தான் பெரும்பாலும் எகிறும். டி குறைவதும் கொலஸ்ட்ரால் கூடுவதும் சேர்ந்தே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். விட்டல் (VITAL) என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர், தினம் 2000 ஐயூ, 5 வருடத்துக்கு மேல். மாரடைப்பு குறையவில்லை.

நிலாமதி:
விட்டலில் பலருக்கு முதலிலேயே டி போதுமான அளவு இருந்தது. சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுபடி இலை போட்டால் என்ன தெரியும்? ஆஸ்திரேலியாவின் டி-ஹெல்த் ஆய்வில் மாதம் 60,000 ஐயூ எடுத்தவர்களுக்கு இதயப் பாதிப்பு 9% குறைவு.

மருந்துக்கடை முத்து:
அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுக்குத்தான். சரி, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். பலன் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தது யாரிடம்? ஏற்கெனவே ஸ்டாடின் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம்!

வெயிலான்:
ஸ்டாடின் போட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். டி எடுத்தால் அது வராதாமே?

மருந்துக்கடை முத்து:
விட்டலில் அதையும் பார்த்துவிட்டார்கள். புதிதாக ஸ்டாடின் தொடங்கிய 2,083 பேரில் டி எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு பக்கமும் தசைவலி 31%. உங்கள் 11க்கு டாக்டர் சொன்னால் சாஷே எடுங்கள், அது எலும்புக்கு. அவர் சொன்ன வாரக்கணக்கு முடிந்ததும் நிறுத்துங்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. இரத்தத்தில் கால்சியம் ஏறினால் வாந்தி, சிறுநீரகக் கல் என்று இழுத்துவிடும்.

நிலாமதி:
சாஷே விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டி மிகவும் குறைந்தவர்களை மட்டும் வைத்துப் பல வருடம் பார்க்காமல், "பலனே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.