தன் பெயரில் பட்டா வைத்திருக்கும் மரம்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகருக்குப் போனவர்கள் எழுதுங்கள்

பொடிநடை:
ஃபின்லி தெருவும் டியரிங் தெருவும் சந்திக்கும் அந்தக் கல் பாவிய சரிவு தெரியும் அல்லவா? ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். அங்குள்ள ஓக் மரத்தின் மேல் கொண்ட அன்பினால் மரத்தையும் சுற்றி எட்டடி நிலத்தையும் மரத்துக்கே கொடுக்கிறேன் என்று வில்லியம் ஜாக்சன் சொன்னதாக உள்ள கல்வெட்டைத் தமிழில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முப்பது வருடம் தாலுகா அலுவலகத்தில் இருந்தவர். சங்கிலியை ஒட்டி நின்று காலடியால் அளந்து பார்த்தார். பிறகு, "தீர்வை யார் கட்டுகிறார்கள்?" என்றார். இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஒன்பதாம் மாடி:
தீர்வையை விடுங்கள். அதே ஃபின்லி தெருவில் பாக்ஸ்டர் தெருப் பக்கம் போனால் லின்னென்டவுன் இருந்த இடம். 22 ஏக்கர், ஏறத்தாழ 50 கறுப்பினக் குடும்பங்கள். 1960-களின் தொடக்கத்தில் நகரச் சீரமைப்பு என்று சொல்லிக் கையகப்படுத்தி, பல்கலைக்கழக விடுதிகளைக் கட்டினார்கள். அவற்றில் ஒன்றான பிரம்பி விடுதியில் தங்கையைச் சேர்க்கப் போனபோது, கார் நிறுத்துமிடத்தில் ஒரு முதியவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வழி கேட்கிறாரோ என்று அருகில் போனேன். "அம்மாவின் அத்திமரம் இங்கேதான் இருந்தது" என்று என் காரைக் காட்டினார். காரை நகர்த்தட்டுமா என்று கேட்டுத்தொலைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஓக் மரத்தருகே படம் எடுக்க அப்புறம் மனம் வரவில்லை.

சட்டப்புள்ளி:
பொடிநடை, பட்டாவே கிடையாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சொத்தை எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சட்டத்தின் கண்ணில் மரம் ஆள் அல்ல. 1890-இல் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த கதையை ஊரே மதித்து நடக்கிறது, அவ்வளவே. நீங்கள் பார்த்ததும் அசல் மரம் அல்ல. அது 1942-இல் சாய்ந்துவிட்டது. அதன் கொட்டையில் முளைத்த கன்றை 1946-இல் மகளிர் தோட்டச் சங்கம் நட்டது. ஒன்பதாம் மாடி, வேடிக்கைக் கதைக்கும் அரசு செய்த காரியத்துக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? என் அனுபவம்: ஓர் ஓக் கொட்டை பொறுக்கினேன், எதிர்வீட்டுக்காரர் முறைத்தார்.

ஒன்பதாம் மாடி:
ஒரே தெருவில் இருப்பதை நான் எங்கே கொண்டுபோய்ப் பிரித்து வைப்பது? 2021-இல் உள்ளாட்சி மன்றமே தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டது. உங்களுக்குத்தான் வேடிக்கை.

ரயிலடி:
சண்டை போதும். போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை போகாதீர்கள், காரை நிறுத்த இடம் கிடைக்காது. ஆகஸ்ட் வெயில் நம் ஊர் வெயிலேதான், தண்ணீர் எடுத்துப் போங்கள். மரத்தோடு திரும்பாமல் நகர மன்றத்தின் அருகே உள்ள இரட்டைக் குழல் பீரங்கியைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862-இல் செய்தது. சங்கிலியால் பிணைத்த இரு குண்டுகளை ஒரே நேரத்தில் சுடுவதாகத் திட்டம். சோதனையில் சங்கிலி அறுந்து குண்டுகள் திசைக்கொன்றாகப் பறந்தன. இன்றும் அன்றைய எதிரியான வடக்கைக் குறிபார்த்தபடி நிற்கிறது! அங்கிருந்து ஹாட் கார்னர் நடக்கும் தூரம்தான். கறுப்பின வணிகர்களின் பழைய கடைவீதி. அங்குள்ள மார்ட்டன் அரங்கு 1910-இல் திறந்தது, கட்டியவரும் கறுப்பின வணிகர். நல்ல செருப்பு அவசியம். என் அனுபவமா? மழையில் அந்தக் கல் சரிவில் வழுக்கி, மரத்தின் எட்டடிக்குள் விழுந்தேன்.

பொடிநடை:
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பத்திரம் இல்லையென்றால் புறம்போக்குதான்" என்றார் மரத்தைப் பற்றி. பிறகு, அந்த அத்திமர வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒன்பதாம் மாடியிடம் கேட்கச் சொன்னார்.