நிறைய டொமைன்களுக்கு ஒரே ஸோன் கோப்பு போதுமா?

கேள்வி:
வணக்கம். 180 டொமைன்களைப் பார்த்துக்கொள்கிறேன், டொமைன் பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர் மென்பொருள் பைண்ட்தான், ஒரு மாஸ்டர், அதிலிருந்து நகல் எடுக்கும் ஒரு ஸ்லேவ். ஒவ்வொன்றுக்கும் தனி ஸோன் கோப்பு (அந்த டொமைனின் பதிவுகள் உள்ள கோப்பு), ஆனால் திறந்து பார்த்தால் டொமைன் பெயரைத் தவிர எல்லாம் ஒன்றேதான், அதே வெப் சர்வர் ஐபி, அதே மெயில் சர்வர். போன வாரம் ஐபி மாறியது. ஸ்கிரிப்ட் ஓட்டி எல்லாக் கோப்பிலும் மாற்றிவிட்டு, சிலவற்றில் சீரியல் எண்ணை (இது கூடினால்தான் ஸ்லேவ் புது நகல் எடுக்கும்) கூட்ட மறந்துவிட்டேன். மாஸ்டர் புது ஐபியைச் சொல்ல, ஸ்லேவ் பழையதையே சொல்ல, சிலருக்குத் தளம் திறந்தது, சிலருக்கு இல்லை. காரணம் பிடிபடவே இரண்டு நாள் ஆனது. எளிய வழி உண்டா?

பதில் 1:
உண்டு. பைண்டின் அமைப்புக் கோப்பான நேம்ட்.கான்ஃபில் டொமைனுக்கு ஒரு ஸோன் பதிவு இருக்கட்டும், ஆனால் எல்லாம் ஒரே கோப்பைக் காட்டட்டும். அந்தக் கோப்புக்குள் இந்த 180 பெயர்களில் ஒன்றும் வரக்கூடாது, அதுதான் சூட்சுமம். டொமைன் வர வேண்டிய இடத்தில் @ போடுங்கள். கடைசியில் புள்ளி இல்லாத பெயருக்குப் பின்னால், எந்த ஸோனுக்காகப் படிக்கிறதோ அந்த டொமைனைப் பைண்டே ஒட்டிக்கொள்ளும். நேம்சர்வர், மெயில் சர்வர் பெயர்களை மட்டும் முழுதாக எழுதிப் புள்ளி வையுங்கள். நான் ஒருமுறை அந்தப் புள்ளியை விட்டுவிட்டேன், மெயில் சர்வர் பெயரோடு டொமைனும் ஒட்டிக்கொண்டு ஒரு டொமைனுக்கும் மெயில் வரவில்லை. இனி சீரியல் ஒரே இடத்தில்தான்.

பதில் 2:
சரியான யோசனை, ஆனால் சாதாரண மாஸ்டர் ஸோனுக்கு மட்டும். டைனமிக் அப்டேட்டோ (பதிவுகளை ஓடும்போதே மாற்றுவது) இன்லைன் சைனிங்கோ (பைண்டே பதிவுகளில் கையெழுத்திடுவது) இருந்தால் பைண்ட் அந்தக் கோப்பிலோ அதன் பெயரிலான துணைக் கோப்பிலோ எழுத வேண்டியிருக்கும், அதனால் பகிரக் கூடாது. ஸ்லேவில் கோப்பு வைத்தால் அங்கும் ஸோனுக்குத் தனித்தனிக் கோப்பு வேண்டும். அங்கே கேட்டலாக் ஸோன் (டொமைன் பட்டியலையே ஒரு ஸோனாக ஸ்லேவுக்கு அனுப்பும் வசதி) பாருங்கள், பைண்ட் 9.11 முதல் இருக்கிறது, 2023-இல் ஆர்எஃப்சி 9432 என்ற இணையத் தர ஆவணமாகவும் வந்துவிட்டது. மாஸ்டரில் புது டொமைனுக்கு ஸோன் பதிவு போட்டதும், கேட்டலாக்கில் அந்த டொமைனைக் காட்டும் ஒரு பிடிஆர் பதிவைச் சேர்த்தால் ஸ்லேவ் தானாகவே எடுத்துக்கொள்ளும், அதன் நேம்ட்.கான்ஃபைத் தொடவே வேண்டாம். உங்கள் டொமைன் பட்டியல் முழுக்க கேட்டலாக்கில் இருப்பதால், அதை நகலெடுக்கும் டிரான்ஸ்ஃபரை ஸ்லேவுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி, மாஸ்டரில் மாற்றிவிட்டேன். மூன்று டொமைன்களுக்கு மட்டும் மெயில் வேறு இடத்தில் இருக்கிறது, அவற்றை என்ன செய்வது?

பதில் 1:
எஸ்ஓஏ (சீரியல் எண் இருக்கும் பதிவு), நேம்சர்வர், ஐபி எல்லாவற்றையும் ஒரு பொதுக் கோப்பில் வைத்து, அந்த மூன்றுக்கும் தனிக் கோப்பில் அதை இன்க்ளூட் செய்து (உள்ளே இழுத்து) கீழே அவற்றின் எம்எக்ஸை (மெயில் சர்வரைச் சொல்லும் பதிவு) எழுதுங்கள். மற்றவற்றின் கோப்பிலும் அதே இன்க்ளூட், பழைய எம்எக்ஸ். சீரியல் அப்போதும் ஒன்றுதான். அப்புறம், பழைய ஸோனில் ஏதாவது மாற்றினால் ஆர்என்டிசி (பைண்டைக் கட்டுப்படுத்தும் கட்டளை) ரீலோட் கொடுங்கள், ஆர்என்டிசி ரீகான்ஃபிக் புது ஸோன்களை மட்டும்தான் ஏற்றும்.