1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 931 ஜிபிதான் காட்டுகிறது, மீதி எங்கே?

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. அக்கா கல்யாண வீடியோவைப் போட்டு வைக்க 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். இன்னும் ஒரு ஃபைல்கூட ஏற்றவில்லை, ஆனால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் "ஃபார்மேட் பண்ணா அவ்வளவு போயிடும்" என்கிறார். உண்மையா, இல்லை மட்டமான டிஸ்க்கைத் தள்ளிவிட்டாரா? திருப்பிக் கொடுக்க நாள் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

பதில் 1:
திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஃபார்மேட்டில் போவது ரொம்பக் கொஞ்சம், காரணம் அது இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், அப்படி 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதே எண்ணை 1024-ஆல் மூன்று முறை வகுத்து, வருகிற 931-க்கும் ஜிபி என்றே பெயர் போட்டுவிடுகிறது. டிரைவில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், பக்கத்திலேயே பைட் எண்ணிக்கை இருக்கும். அது லட்சம் கோடியை ஒட்டி இருந்தால் சரி.

பதில் 2:
1024 கணக்கு கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேமுக்குப் பொருத்தம், அதன் முகவரிகளின் எண்ணிக்கை இரண்டின் அடுக்காகவே போகும் (1024 என்பது இரண்டைப் பத்து முறை பெருக்கி வருவது). டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தக் குழப்பம் தீரத்தான் 1998-லேயே மின், மின்னணுத் துறைக்குத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐஇசி 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்கள் கொடுத்தது. மேக் கம்ப்யூட்டர் 2009-இல் வந்த ஸ்னோ லெபர்ட் என்ற பதிப்பிலிருந்து ஆயிரம் கணக்குக்கே மாறிவிட்டது, உங்கள் டிஸ்க்கை அதில் செருகினால் 1 டிபி என்றே காட்டும். விண்டோஸ் இன்னும் பழைய பெயரையே வைத்திருப்பது தப்பு என்பேன், வாங்குகிறவர்கள் கடைக்காரரோடு சண்டை போடுவது இதனால்தான். கேபி அளவில் வித்தியாசம் 2.4 சதவீதம், டிபிக்கு வரும்போது பத்தை நெருங்கிவிடுகிறது.

கேட்டவர்:
பார்த்தேன், லட்சம் கோடிக்குச் சற்று மேலேயே இருக்கிறது, ரொம்ப நன்றி! அப்புறம் இன்னொன்று. ஸ்டுடியோவில் அனுப்பிய லிங்க்கில் வீடியோ மொத்தம் 60 ஜிபி. வீட்டு நெட் 100 எம்பிபிஎஸ், ஆனால் டவுன்லோட் 12 எம்பிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. கம்பெனிக்குப் புகார் கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம், முழு வேகம் வருகிறது. நெட் கம்பெனி சொல்வது நொடிக்கு இத்தனை மெகா*பிட்*, டவுன்லோட் காட்டுவது மெகா*பைட்*. எட்டு பிட் ஒரு பைட், அதனால் 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5, அதற்கு மேல் வராது. 60 ஜிபி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும், லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.