எழுபது ஆண்டுகள் கழித்துப் பினாங்கு திரும்பும் விண்வெளிப் பயணி

கேள்வி: ஜார்ஜ்டவுன் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். 1995-இல் பிறந்த பினாங்குத் தமிழர் ஒருவர், 2025-இல் விண்வெளிக்குப் புறப்பட்டு, ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டில் பயணம் செய்து, பத்து வயது மட்டுமே கூடியவராக ஊர் திரும்புவதாகச் சிறுகதை எழுதி வருகிறேன். பறக்கும் கார், பேசும் சுவர் என்று எழுதினால் கதை பொருட்காட்சி ஆகிவிடுகிறது, ஆளைக் காணவில்லை. மாறிப்போன சமுதாயத்தில் அவர் உண்மையில் எங்கே தடுமாறுவார்?

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர், பட்டர்வொர்த்

முதலில் கணக்கு. அந்த வேகத்தில் கப்பலில் ஓராண்டு கழிந்தால் பூமியில் ஏழாண்டுக்குச் சற்று மேல் ஓடியிருக்கும். ஆகவே 2096 வாக்கில் திரும்புவார். (வேகம் கூட்டவும் குறைக்கவும் ஆகும் காலத்தை நான் சேர்க்கவில்லை.) மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி மன்னர் திரும்புவதற்குள் 27 சதுர்யுகங்கள் கழிந்தனவாம். உங்களவர் பாடு பரவாயில்லை.

மறுமொழி: மீர் ரசிகன்

சோவியத் விண்வெளி வீரர் செர்கெய் கிரிகாலியோவ் 1991 மே மாதம் மீர் விண்வெளி நிலையத்துக்குச் சென்று 1992 மார்ச்சில் தரையிறங்கியபோது, அவரை அனுப்பிய சோவியத் ஒன்றியமே இல்லை. பிறந்த ஊரான லெனின்கிராடும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகியிருந்தது. ஆனால் மனைவி இருந்தார், உடன் பணியாற்றியவர்கள் இருந்தார்கள்; 1994-இல் அமெரிக்க விண்ணோடத்திலேயே பறந்தார். உங்கள் பயணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மறுமொழி: தண்ணீர்மலையான்

எனக்கென்னவோ அவர் முதலில் அரசாங்க முகப்பிடத்தில்தான் மாட்டிக்கொள்வார் என்று தோன்றுகிறது. மைகார்டு என்னும் மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அதில் ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள். 2096-இல் '95' என்று தொடங்கும் எண்ணைப் பார்க்கும் அதிகாரி, ஒரு வயதுக் குழந்தையின் அட்டையோடு நாற்பது வயது ஆள் நிற்பதாகவே நினைப்பார். இன்றைய விதிகள் நீடித்தால், நூறு வயதைக் கடந்தவர் என்பதால் அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பு அரசிடம் உள்ள கோரப்படாத பணத்தோடு சேர்ந்திருக்கும். ஏழாண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ள 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இடம் தருவதால், தம்பியின் பிள்ளைகள் வீட்டையும் முறைப்படியே விற்றிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போகட்டும். எழுபதை நெருங்கிய மூத்தவர், கறுத்த முடியோடு வாசலில் நிற்பவரைப் "பெரியப்பா" என்று அழைக்க வாயெடுத்துத் தயங்கும் இடத்தை விரிவாக எழுதுங்கள். யார் காலில் யார் விழுவது என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும்.